ஓய்மான் நல்லியக்கோடன் காலத்துப் பீர்க்கங்காய்: ஒரு முன்னாய்வின் முன்னுரை

ஓய்மான் நல்லியக்கோடன் ஓய்மா நாட்டின் குறுநில மன்னன். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் என்பது அவனது ஊர். பத்துப்பாட்டில் மூன்றாவதான சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் இவனைப் பாடுகிறது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் கடப்பாக்கத்தை உள்ளடக்கிய பேரூராட்சியாக இருக்கிறது. ஆகவே புலவர் உள்ளூர்க்காரர், அரசன் அடுத்த ஊர்க்காரன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு விரைவோர் இருவருக்காகவும் வண்டியை நிறுத்துவதில்லை.

மரபு: புறநானூறு நல்லியாதன், வில்லியாதன் என மேலும் இரண்டு ஓய்மான்களைத் தருகிறது. மூவரின் உறவுமுறை எங்கும் சொல்லப்படவில்லை. வமிசாவளி வரைவோருக்கு இதைவிட வசதி வேறில்லை.

பெயர்க்குழப்பம்: கடையெழு வள்ளல்களுள் ஒருவனான நல்லி வேறு, இவன் வேறு. தேர்வுத்தாள்களில் மட்டும் இருவரும் ஒருவர்.

போர்: இவ்வாய்வுக்குத் தேவையில்லை.

உணவு: அரசனைக் காணச் செல்லும் பாணனுக்கு வழிநெடுகச் சாப்பாடு உண்டு. மரக்காணம் எனக் கருதப்படும் எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டுக் கள்ளும் சுட்ட குழல்மீனும். வேலூரில் புளியிட்ட சோறும் சுட்ட ஆமான் இறைச்சியும். ஆமூரில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டுக் கலவையும். சிக்கல் இந்தக் கலவையில்தான் தொடங்குகிறது. பாட்டில் இருப்பது நண்டு மட்டுமே. பல நூற்றாண்டுகள் கழித்து உரை எழுத வந்த நச்சினார்க்கினியர் அதில் பீர்க்கங்காயைச் சேர்த்தார். மூலத்தில் முளைக்காத காய் உரையில் காய்த்தது எவ்வாறு?

இதுபற்றி மூன்று கொள்கைகள் உள்ளன. நண்டு மட்டும் போதும் என்போர் நண்டர். பீர்க்கை இன்றிக் கலவை ஏது என்போர் பீர்க்கர். உரையாசிரியர் அன்று மதியம் உண்டதையே எழுதினார் என்போர் மூன்றாமவர். மூன்றாமவரைக் கருத்தரங்குகளுக்கு அழைப்பதில்லை. பீர்க்கர்களின் தலையாய சான்று, இன்னும் எழுதப்படாத 'ஓய்மா நாட்டுக் கொடிக்காய்க் களஞ்சியம்' நான்காம் தொகுதி, பிற்சேர்க்கை இரண்டு, கறையான் தின்ற பக்கம். அதே பக்கத்தை நண்டர்களும் மேற்கோள் காட்டுகின்றனர். கறையான் தின்றது பீர்க்கையைத்தான் என்பது அவர்கள் வாதம். இரு தரப்புக்கும் ஒரே நெறியாளர் முனைவர் பட்டம் வழங்கியுள்ளார். தோலைச் சீவினார்களா, துவையலுக்கு எடுத்து வைத்தார்களா என்னும் வினா அடுத்த நிதியாண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. ஆமூர் அடுப்பில் இதைச் சமைத்த பெண்ணை எவரும் கேட்கவில்லை.

உப்பு: பாணன் வீட்டில் குப்பைவேளைக் கீரை உப்பில்லாமல் வெந்தது; பிறர் பார்த்துவிடாமல் கதவை அடைத்துக்கொண்டு உண்டார்கள். அரசனின் எயிற்பட்டினமோ உப்பளக் கரை. இந்த முரண் ஆய்வாளர்களை ஈர்க்கவில்லை. பசிக்கு அடிக்குறிப்பு எழுதுவது கடினம்.

அரண்மனை: இங்கே வீமன் இயற்றிய சமையல்நூலிலிருந்து சற்றும் வழுவாமல் சமைத்தார்கள். நூல் கிடைக்கவில்லை; அதன் பதிப்புரிமை பற்றி மட்டும் இரு கட்டுரைகள் எதிர்பார்க்கப்படுகின்றன. பொற்கலத்தில் பரிமாறி, அரசன் தானே நின்று ஊட்டினான். உண்ட பாணனுக்கு எருது பூட்டிய வண்டியும் அதை ஓட்ட ஆளும் பரிசு. வண்டியோட்டி எந்தப் பந்தியில் சாப்பிட்டான் என்பதை மூலமும் சொல்லவில்லை, உரையும் சொல்லவில்லை.