சோற்றுக்குக் கணக்கில்லை, மீனுக்குக் காசு

வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்காரரைப் போல் தாராள மனசு யாருக்கும் வராது. சோறு கேட்டால் வாளியோடு ஓடி வருவார். குழம்பு, ரசம், அப்பளம் எல்லாம் கேட்காமலே வந்து விழும். "ஒரு துண்டு மீன்" என்று வாயைத் திறந்தால் மட்டும் அவர் கை பில் புத்தகத்துக்குப் போய்விடும். மாவுச்சத்து தர்மம், புரதச்சத்து வியாபாரம். மலேசியாவில் நம்மாட்கள் பலர் என் உருவத்தில் உலவுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி இங்கே பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் எடை கூடுதல். ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர்.

செலாயாங்கில் கிளினிக்குக்குப் போனபோது, என் மகள் வயதுள்ள சத்துணவு அதிகாரி கேட்டார்: "அங்கிள், புரோட்டீன் சாப்பிடுறீங்களா?"

"தினமும் பருப்பு சாப்பிடுறேன்மா."

"எதுல?"

"ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தட்டுப் படத்தை எடுத்துக் காட்டினார். சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டு: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு வகை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நம் தட்டில் சோறு முக்கால், குழம்பு கால். கோழி, குழம்பின் வாசனையில் இருக்கிறது.

அடுத்தது கணக்கு. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. என் எடையைச் சொன்னேன். "இருக்கிற எடைக்கு வேண்டாம் அங்கிள், இருக்க வேண்டிய எடைக்குப் போடுவோம்" என்று 75 கிலோவுக்குப் பெருக்கி 62 கிராம் என்றார். அந்த 75 கிலோ ஆள் என் கல்யாணப் போட்டோவில் இருக்கிறார். அதன் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை.

செய்தி வீட்டுக்குத் தெரிந்ததும் ஜிம்முக்குப் போகும் மகன் மண்ணெண்ணெய் டின் அளவுக்கு ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான். ஒரு கரண்டிக்கு 25 கிராம் புரதமாம். விலையைக் கேட்டதும் வீட்டுக்காரி சொன்னாள்: "பாசார் போரோங் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு யாராவது டப்பாவுல வாங்குவாங்களா?"

நியாயம்தான். தலைநகரின் மொத்தச் சந்தை எங்கள் ஊரில் இருக்கிறது. கெம்போங் மீன் ஐஸ் பெட்டியோடு இறங்குகிறது. பக்கத்திலேயே தெம்பே. சோயாவை வேகவைத்து ஒருவகைப் பூஞ்சையைக் கலந்து பொட்டலம் கட்டிவிட்டால், ஓரிரு நாளில் வெள்ளையாகப் பின்னிக்கொண்டு கட்டியாகிவிடும். 100 கிராமில் சுமார் 19 கிராம் புரதம். முதல் பொட்டலத்தைப் பிரித்த என் அம்மா, பூசணம் பிடித்துவிட்டது என்று அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையையும் கழுவிக்கொண்டார். இரண்டாவது பொட்டலம் அம்மா கண்ணில் படாமல் அடுப்பேறியது. மெல்லிசாக நறுக்கி, மொறுமொறுவென்று பொரித்து, நெத்திலியும் நிலக்கடலையும் சேர்த்து சம்பலில் புரட்டினால் புரதத்துக்கு மேல் புரதம். கிண்ணத்தைக் காலி செய்தது அம்மாதான்.

தைப்பூசம் நெருங்கினால் கதை வேறு. பத்துமலை எங்கள் நகராண்மைக் கழகத்துக்குள்தான் வருகிறது. பலர் 48 நாள் விரதம் இருந்து 272 படி ஏறுவார்கள். மீனும் முட்டையும் போன அந்த நாட்களில் சோயாவில் செய்த சைவ ஆட்டுக்கறி வந்து உட்கார்ந்துகொள்ளும். முருகனுக்கு அது சோயா என்று தெரியும். சந்தேகமெல்லாம் என் நாக்குக்குத்தான். அதைவிட முழுப் பயறு அவித்த சுண்டல் மேல் என்பது என் தீர்ப்பு. விலையும் குறைவு, வேஷமும் இல்லை.

நாளைக் காலை மாமாக் கடையில் ரொட்டி கோசோங் கேட்காதீர்கள். ரொட்டி தெலூர் ஒன்றும், மிளகுத்தூளும் கிச்சாப்பும் விட்ட பாதி அவித்த முட்டை இரண்டும் சொல்லுங்கள். முட்டைக்கு 6 கிராம் வீதம் அதிலேயே 18 கிராம் ஆயிற்று. தே தாரேக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் இருப்பது பெரும்பாலும் சீனி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.