எங்கள் தெருவைத் தோண்டிய துறைக்கு ஒரு தேங்காய்

பேராற்றல் மிக்க துறை அவர்களுக்கு,

துறையின் பெயரை எழுதாததற்குப் பொறுத்தருள வேண்டும். நான்கு நாளாகப் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், பலகை எதுவும் இல்லை. தண்ணீரா, கரண்டா, டெலிபோனா என்று ஜேசிபி ஓட்டுநரிடம் கேட்டேன். "தோண்டச் சொன்னாங்க சார்" என்றார். இந்தப் பற்றற்ற நிலை முனிவர்களுக்கே எளிதில் வாய்க்காது.

செவ்வாய்க்கிழமை காலை உங்கள் ஜேஇ (இளநிலைப் பொறியாளர்) என் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், இங்க லைனெல்லாம் எப்படிப் போகுது?" நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன், எனக்குத் தெரிந்ததெல்லாம் வேற்றுமை உருபுதான் என்றேன். "இருபது வருஷமா இங்கதானே இருக்கீங்க?" என்றார். வாசலில் இருந்த கோலமாவு டப்பாவை எடுத்து என் கையில் திணித்து, "சும்மா ஒரு கோடு போட்டுக் காட்டுங்க" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவே வேடிக்கை பார்க்க, குனிந்தபடி கோடு போட்டேன்.

எங்கள் ஊரில் கிணறு வெட்டும் முன் நீரோட்டம் பார்ப்பவர் வருவார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடப்பார். ஊற்று இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை. தண்ணீர் வராவிட்டால் அவர் தேங்காயைக் குறை சொல்வார். வீட்டுக்காரரைச் சொன்னதில்லை.

பத்தரை மணிக்கு ஜேசிபியின் பல், என் கோட்டிலிருந்து இரண்டடி தள்ளி இறங்கியது. முதலில் செங்கல் வந்தது. தரைக்கடியில் போகும் மின்கேபிளின் மேல் மணல் பரப்பிச் செங்கல் அடுக்குவது, இதற்குக் கீழே போகாதே என்று சொல்லத்தான். உங்கள் ஆட்களோ பழைய அஸ்திவாரம் என்றார்கள். அடுத்த வாரலில் தெருவுக்கே கரண்ட் போயிற்று. அதற்கடுத்து குடிநீர்க் குழாய். அதையும் தாண்டிக் கழிவுநீர்க் குழாய். ஒரே காலையில் தேங்காய் மூன்று முறை எழுந்து நின்றது! கூட்டம் கூடியதும் ஜேஇ என்னை நோக்கி விரல் நீட்டினார். "சார்தான் லைன் காட்டினாரு."

பள்ளத்துக்குள் மண்வெட்டியோடு ஒரு பையன் நின்றிருந்தான். இருபது வயதிருக்கும். காலில் ரப்பர் செருப்பு, கையில் உறைகூட இல்லை. அறுந்தது மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த கேபிள். அவன் சாகாதது உங்கள் திறமையால் அல்ல. நான் போட்ட கோலமாவுக் கோட்டை நம்பி ஒரு பிள்ளையைக் குழியில் இறக்க உங்களுக்கு எப்படி ஐயா மனம் வந்தது?

மன்னிக்கவும். வயதானவன், கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். துறையின் புகழுக்குத் திரும்புகிறேன்.

தோண்டும் முன் கேட்பதற்கென்றே 2023 மார்ச் 22 அன்று பிரதமர் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைத் தொடங்கிவைத்தார். கண்மண் தெரியாமல் தோண்டிக் கேபிளை அறுப்பதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அப்போது அரசே சொன்னது. உங்கள் ஜேஇயிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "அது டெல்லி ஆப் சார்" என்றார். எங்கள் தெரு டெல்லியில் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் 811 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தரையில் நிறம் பூசிவிட்டுப் போவார்களாம். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. அவர்களுக்குத் தேங்காயின் அருமை தெரியவில்லை, பாவம். நமக்கு ஒரே நிறம், வெள்ளை. அதுவும் என் மனைவி காசு கொடுத்து வாங்கியது.

உங்களுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. எங்கள் பகுதியில் வால்வு திறந்துவிடும் ஊழியர் ஒருவர் இருந்தார். எந்தக் குழாய் எந்த மூலையில் திரும்புகிறது, எது யார் வீட்டுக்குக் கீழே போகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓய்வுபெற்ற அன்று சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். அவர் தலைக்குள் இருந்த வரைபடத்தை யாரும் காகிதத்தில் இறக்கிக்கொள்ளவில்லை. அதன்பிறகு தேங்காய்தான்.

சேதத்துக்கான செலவு பற்றி என்னிடம் 'பேச வேண்டும்' என்று சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். அவசியம் வாருங்கள். காப்பி தர இயலாது, நல்ல தண்ணீர் இல்லை.

நாளை எதிர்ச்சாரியில் தோண்டப்போவதாகக் கேள்வி. சந்தையில் பார்த்து, குடுமி உள்ள நல்ல தேங்காயாக ஒன்று வாங்கித் திண்ணையில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜேசிபியை இறக்கும் முன் தண்ணீர், கரண்ட், டெலிபோன் மூன்று அலுவலகங்களுக்கும் ஆளுக்கொரு போன் போட்டு, ஆள் வந்து காட்டும்வரை காத்திருங்கள். முதல் இரண்டடியைக் கையாலேயே தோண்டச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
லைன் காட்டிய சார்

பின்குறிப்பு: குழாயில் இன்னும் கறுப்புத் தண்ணீர்தான் வருகிறது.