வாராந்திரச் சுற்றறிக்கையும் அதன் வியாக்கியானங்களும்: தங்கவயலை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கும் இரவு ஒன்பதே கால் மணிக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு சுபவேளையில், 'இன்டர்நேஷனல்' என்னும் விருதுப்பெயர் தாங்கிய பள்ளிக்கூடங்கள் தம் மாணாக்கர் குடும்பங்களுக்கு அனுப்பிவைக்கும் வாராந்திரச் சுற்றறிக்கை என்கிற இலக்கிய வகையைப் பற்றி, தொண்ணூற்றாறு பிரபந்தங்களை வகுத்துக் கணக்குச் சொன்ன நம் முன்னோர் ஒரு வார்த்தையும் சொல்லிப்போகவில்லை. அதற்காக அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டியதையெல்லாம் பிள்ளையின் முதுகிலேயே எழுதி அனுப்பிவிட்டபடியால், தனியாகக் காகிதம் செலவழிக்கும் அவசியம் அக்காலத்தில் ஏற்படவில்லை.

ஆராய்ச்சிக்குக் களமாகக் கோலார் தங்கவயலைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே காலூன்றிய பிறகு, கார்ன்வால் தேசத்துச் சுரங்கக்காரர்களும், இத்தாலியரும், ஆங்கிலோ இந்தியரும், வட ஆர்க்காட்டிலிருந்து மூட்டை முடிச்சுடன் போய்ச் சேர்ந்த நம்மவர்களும் ஒரே பூமியைக் குடைந்து வாழ்ந்த ஊர் அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே குழாயடியில் வரிசையில் நிற்கிற அந்த ஊரில், பள்ளிக்கூடம் தன்னைச் சர்வதேசப் பள்ளி என்று சொல்லிக்கொள்வதில் மற்ற ஊர்களில் உள்ள அளவு அதிசயோக்தி இல்லை என்பது என் அபிப்பிராயம். அறிக்கை வருவதோ ஆங்கிலத்தில். வீட்டில் பேசுவதோ தமிழ். அரசாங்கம் ஆளுவதோ கன்னடத்தில். வியாக்கியானம் செழிப்பதற்கு இதைவிட வளமான நிலம் வேறெங்கும் கிடைப்பது அரிது.

சுற்றறிக்கைக்கு அங்கங்கள் இரண்டு: செய்தி, நினைவூட்டல். தலைப்பில் பூமண்டலமும் அதைச் சுற்றி இரண்டு இலைக்கொத்துகளும் பொறித்த முத்திரை. அதன் கீழ், வட்டார அளவிலான கோகோ போட்டியில் பள்ளி அணி இரண்டாமிடம் பெற்ற பெருமை. அதற்கும் கீழ், தாளாளர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தும் படம். இவ்வளவும் செய்தி. இதை யாரும் படிப்பதில்லை. இரண்டாமிடம் பெற்ற அணியில் இருந்த பிள்ளையின் தாயார் மாத்திரம் படிக்கிறார், அவரும் தன் மகன் பெயரைத் தவறாக அச்சிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகவே படிக்கிறார். பிறகு தடித்த எழுத்தில் நினைவூட்டல்கள் தொடங்குகின்றன. புதன்கிழமை வெள்ளை ஷூ. நகம் வெட்டியிருக்க வேண்டும். டிபன் டப்பாவில் நூடுல்ஸ் கூடாது. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி. இதற்குமேல் ஒரு புள்ளிக்கோடு. அந்தக் கோட்டோடு கத்தரித்துக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டிய துண்டு. அத்துண்டு பெரும்பாலும் பிள்ளையின் சட்டைப்பையிலேயே துவைக்கப்பட்டுக் கூழாகிவிடுவதால், 'கையொப்பத் துண்டை அனுப்பாதவர்களுக்கு நினைவூட்டல்' என்று மறுவாரம் வேறொரு நினைவூட்டல் பிறக்கிறது. நினைவூட்டலுக்கு மரணமில்லை, மறுபிறப்பே உண்டு என்னும் சித்தாந்தம் இவ்வாறு பிரத்தியட்சமாகவே நிரூபணமாகிறது.

இனி வியாக்கியானத்துக்கு வருவோம். அறிக்கை வெளியான கால்மணி நேரத்துக்குள் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் எழும் கேள்விகளை வகைப்படுத்தப் புதிய சாஸ்திரம் எதுவும் தேவையில்லை. வினா ஆறு வகைப்படும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் எப்போதோ வகுத்து வைத்துவிட்டார். "திங்கட்கிழமை லீவா அக்கா?" என்பது அறியாவினா. "மஞ்சளா சிவப்பா?" என்பது ஐயவினா. "யாரிடமாவது சார்ட் பேப்பர் மிச்சம் இருக்கிறதா?" என்பது கொளல்வினா. "உங்கள் பாப்பாவுக்குக் கிரீடம் கிடைத்ததா? எங்களிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது" என்பது கொடைவினா. "எல்லாரும் சர்குலரைப் படித்தீர்களா?" என்று வகுப்பாசிரியை இடையில் வந்து கேட்பது, விடை தெரிந்தே கேட்பதாகையால் அறிவினா. "இரண்டாம் டேர்ம் ஃபீஸ் கட்டிவிட்டீர்களா?" என்று அலுவலகம் கேட்பது ஏவல்வினா என்பதற்கு உரை வேண்டுவதில்லை. முனிவரைக் கொண்டு நன்னூலை எழுதுவித்தவன் சீயகங்கன் என்னும் கங்கர் குலத்துச் சிற்றரசன்; சாசனங்களில் அவனுக்குக் குவளாலபுரத்து அதிபதி என்கிற பட்டம் காணப்படுகிறது; குவளாலபுரம் என்பதோ கோலாரின் பழம்பெயர். ஆகவே கோலார்ச் சீமையின் தாய்மார்கள் என்ன கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்துதான் அவ்வரசன் நூலை எழுதுவித்தான் என்று நான் துணிகிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம், அவர்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

மூலம் எவ்வளவுக்கெவ்வளவு சுருக்கமோ, உரை அவ்வளவுக்கவ்வளவு விரியும் என்பது எல்லா மொழிக்கும் பொதுவான விதி. நவம்பர் 1ஆம் தேதி கன்னட ராஜ்யோத்சவத்துக்கு ஜூனியர்கள் மஞ்சளும் சீனியர்கள் சிவப்பும் அணிந்து வரவேண்டும் என்று ஓர் அறிக்கை சொல்லியது. யு.கே.ஜி. வகுப்பு ஜூனியரில் சேர்ந்ததா சீனியரில் சேர்ந்ததா என்று சொல்லவில்லை. எல்.கே.ஜி.யை நோக்க அது சீனியர் என்று ஒரு கட்சியும், ஒன்றாம் வகுப்பை நோக்க அது ஜூனியர் என்று மற்றொரு கட்சியும் வடகலை தென்கலையாகப் பிரிந்து நள்ளிரவுவரை வாதித்தன. போன வருஷத்துப் படத்தைப் பிரமாணமாகக் காட்டினார் ஒருவர். அதில் பிள்ளைகள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். ஆண்டர்சன்பேட்டைப் பாட்டி ஒருவர், இந்தச் சர்ச்சையில் ஓர் எழுத்தும் படிக்காமலே, மஞ்சள் பாவாடையில் சிவப்புக் கரை வைத்ததை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பேத்திக்குக் கட்டி அனுப்பிவிட்டார். உரையாசிரியர்கள் அனைவரிலும் இவருக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

பாட்டி இந்தக் காவியத்தில் இடம்பெறுவது தற்செயல் அன்று. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, தங்கவயல்காரர்கள் ஆயிரக்கணக்கில் விடியுமுன் மாரிக்குப்பத்திலோ ஊர்காமிலோ ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். மாலையில் வரும் அறிக்கை தகப்பனைச் சந்திப்பது மாலூருக்கும் டேக்கலுக்கும் நடுவில், ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குகிற நிலையில். வீட்டிலோ அதைப் பாட்டிக்குப் படித்துச் சொல்லும் பொறுப்பு, அறிக்கை யாரைப் பற்றியதோ அந்தப் பிள்ளையிடமே விடப்படுகிறது. அவன் சுற்றுலா, சிறப்புச் சிற்றுண்டி, விடுமுறை ஆகிய பகுதிகளைச் சொல் பிசகாமல் மொழிபெயர்க்கிறான். தேர்வு அட்டவணை, பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு ஆகிய பகுதிகள் மட்டும் செல்லரித்துப் போன ஏட்டுப் பகுதிகள்போல் அவன் பாடத்தில் காணப்படுவதில்லை. அந்தப் பொய்ப்பாடத்தை மறுநாள் காலையில் திருத்தி, சுத்தப் பாடத்தை நிலைநாட்டுகிறவர் பள்ளி வாசலில் நிற்கும் ஆயா. "இன்னைக்கு டெஸ்ட்டுப்பா, போ போ" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு எதிராக எந்த அறிக்கையும் நின்றதாகச் சரித்திரம் இல்லை.

வாரந்தோறும் காகிதம் படிக்கும் பழக்கம் தங்கவயலுக்குப் புதிது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையிலிருந்து தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகைக்கு அங்கே பற்றுள்ள வாசகர்கள் இருந்தார்கள். அவர் காலத்துக்குப் பின் நின்றுபோன அந்தத் 'தமிழன்' 1926இல் ஜி. அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. சுரங்கத்தில் உழைத்த கூலியில் ஒரு பங்கை எடுத்து வைத்து எழுத்தை வாங்கிப் படித்த ஊர் அது. இலவசமாக வருவதைப் படிக்க அவ்வூர் மனிதர்களுக்குச் சோம்பலென்று குற்றம் சாட்டுவது அபாண்டம். படிக்கிறார்கள், காலங்கடந்து கிடைக்கிறது, அவ்வளவுதான்.

ஆகையால் பள்ளி நிர்வாகிகளுக்கு இந்த ஆராய்ச்சியின் பயனாக ஒரே ஒரு விண்ணப்பம். செய்தியை எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள், பொன்னாடைப் படம் ஒரு வாரம் தாமதித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மறுநாள் காலைக்குள் பழுப்பு அட்டையும் பச்சைக் கிரேப் பேப்பரும் கொண்டுவர வேண்டுமென்றால், தயவுசெய்து அதை இராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஷட்டரை இழுத்துவிடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.