கனியா, அட்டையா?

கொரோனா போனாலும் அது விட்டுப்போன ஆரஞ்சு நிற வைட்டமின் சி மாத்திரை போகவில்லை. வாலாஜாபாத்தில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர், தினமும் தறியில் உட்காருமுன் இரண்டை மிட்டாய்போல் சப்புகிறார். ஒன்று 500 மில்லிகிராம். ஆணுக்கு நாளைக்கு 80 போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்.

“மிச்சம் என்னண்ணே ஆகும்?”

“உடம்பு சேர்த்து வச்சுக்கும் தம்பி!”

பட்டுச் சேலையா, பீரோவில் அடுக்கிவைக்க? பெரும்பகுதி கழிப்பறைக்குத்தான் போகும்.

அமெரிக்காவில் 14,641 ஆண் மருத்துவர்களை வைத்து ஒரு சோதனை. பாதிப் பேருக்குத் தினம் 500 மில்லிகிராம் கொடுத்து ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். மாரடைப்பும் குறையவில்லை, புற்றுநோயும் குறையவில்லை. 2013-இல் வெளியான ஸ்வீடன் ஆய்விலோ, இந்த மாத்திரை சாப்பிட்ட ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடம்பு வைட்டமின் சி-யில் கொஞ்சத்தை ஆக்சலேட்டாக மாற்றுகிறது. கல்லுக்கு அதுதான் ஜல்லி.

பாலாற்றில் மணல் போயிற்று. அண்ணன் உள்ளே கல் சேர்க்கிறார். கேட்டால், “வாழைத்தண்டுச் சாறு இருக்கே!”

தள்ளுவண்டிக் கொய்யா ஒன்று தின்றாலே அன்றைய கணக்கு முடிந்தது. அதியமான் ஔவைக்கு நீட்டியதும் நெல்லிக்கனிதான். மாத்திரை அட்டை இல்லை.