நெடுஞ்சாலைப் பலகைகளில் ஆம்பூர்: ஒரு முன்னாய்வு

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ‘ஆம்பூர் பிரியாணி’ பலகை இல்லாத இடத்தைக் கண்டுபிடிப்பது இவ்வாய்வின் நோக்கமன்று. அது நீண்ட ஆயுள் உள்ளவர்களுக்கான வேலை. பலகைக்கும் தட்டுக்கும் என்ன உறவு என்பதே இங்கு எடுத்துக்கொண்ட சிக்கல்.

முதலில் மூலபாடம். அரிசி, சீரகச் சம்பா. காரத்துக்கு, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய். அரிசியைத் தனியே அரைவேக்காட்டில் வடித்து, கறி மசாலாவோடு சேர்த்து, மூடிமேல் தணல் போட்டுத் தம் கட்டுவார்கள். தொட்டுக்கொள்ளப் புளிப்பாகக் கத்தரிக்காய். இவ்வூரில் 1890 முதல் இதே தொழில் என்று ஆண்டு சொல்வது ஸ்டார் பிரியாணிக் குடும்பம். கதை அங்கேயும் நிற்காது. ஆற்காட்டு நவாபின் அடுப்படிவரை போகும்.

இனிப் பாடபேதம். சென்னைக்குச் சற்று முன்னால், பெயர் வேண்டாம், ஒரு கடை. பலகையில் தொப்பியும் தாடியுமாக ஒரு பெரியவர். கீழே ‘பரம்பரைக் கைப்பக்குவம்’. அதற்கும் கீழே ‘எங்களுக்கு வேறெங்கும் கிளைகள் இல்லை’. தட்டில் வந்ததோ பாசுமதி, மேலே நீளவாக்கில் கீறிய பச்சை மிளகாய் ஒன்று. கத்தரிக்காய் கேட்டால், “சால்னா ஊத்தவா சார்?” என்றார் பரிமாறியவர். பெரியவர் யாருடைய தாத்தா என்று கல்லாவில் விசாரித்தோம். “பிளெக்ஸ் அடிச்சவரே போட்டுக் குடுத்தாருங்க.”

இதிலிருந்து பெறப்படும் விதி: பலகையில் ‘ஆம்பூர்’ என்ற சொல்லின் எழுத்துயரம், ஆம்பூரிலிருந்து கடை இருக்கும் தூரத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். ‘ஒரிஜினல்’ சேர்ந்தால் தூரத்தை இரட்டிப்பாகக் கொள்க.

திண்டுக்கல் மரபினர் இதை மறுக்கலாம். நாகசாமி நாயுடு 1957-இல் தொடங்கிய கடைக்கு அவருடைய தலைப்பாகையே பெயரானது. பிறர் அந்தப் பெயரை வைத்தபோது குடும்பத்தார் நீதிமன்றம் ஏறினார்கள். தலைப்பாகை ஒருவர் தலையில் இருந்ததால் வழக்குப் போட முடிந்தது. ஆம்பூர் யார் தலையில் இருக்கிறது?

ஆம்பூருக்கு இன்னொரு சரக்கும் உண்டு என்பதை உணவாய்வாளர்கள் கவனிப்பதில்லை. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என நீளும் தோல் பட்டறை வட்டாரத்தில் தைத்த ஷூக்கள் வெளிநாட்டுக் கம்பெனிப் பெயர்களோடு கப்பலேறுகின்றன. ஆம்பூர்க்காரர் பசை தடவி, அடிப்பாகம் ஒட்டிய காலணியில் ஆம்பூர் என்று ஓர் எழுத்து கிடையாது. ஆம்பூர்க்காரர் தொடாத பிரியாணிக்கோ அந்த எழுத்தை இரவில் விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு பதிவாகியுள்ளது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகமே ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். ‘ஆம்பூர் பிரியாணி’ என்று எழுதி, பாசுமதிகூடப் பரிமாறப்படாத ஒரே நிகழ்வு, எம் பார்வைக்கு எட்டியவரை, இதுதான்.