ஆயிரம் ரூபாய்க்கு ஓராண்டு தனிமைப்படுத்தல்

2020 மார்ச் 1 முதல் இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று கோட்டாபய ராஜபக்ச அரசு வாக்குக் கொடுத்திருந்தது. மார்ச் 20 மாலை கொரோனாவால் நாடெங்கும் ஊரடங்கு. மனிதருக்குப் பதினான்கு நாள் தனிமைப்படுத்தல் போதுமாம். அந்த ஆயிரத்துக்கு மட்டும் ஒரு வருஷம்! 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. அதுவரை அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். விலைவாசிதான் ஊரடங்கை மதிக்காமல் ஊர் சுற்றியது; அதை எந்தப் பொலிஸாரும் பிடிக்கவில்லை.

ஆட்களைப் பிடித்தார்கள். ஊரடங்கை மீறினார்கள் என்று சில மாதங்களில் 60,000 பேருக்கு மேல். (அந்த ஊரடங்கு சட்டப்படி பிறப்பிக்கப்பட்டதுதானா என்று சட்டத்தரணிகள் கேட்டது வேறு கதை.) கொழும்பில் வாசல் தாண்டியவர் குற்றவாளி, மாத்தளை மலையில் எல்கடுவையிலும் ரத்தோட்டையிலும் விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வராதவர் குற்றவாளி. தேயிலைக்கு விலக்கு, டொலர் வேண்டுமே! கொழுந்துக்கூடை சுமப்பவளைக் கிருமி தீண்டாது என்று கண்டுபிடித்த மேதைக்கு இன்னும் ஏன் நோபல் பரிசு போகவில்லை?

மாலையில் அவள் லயத்து அறைக்குத் திரும்பினால் வானொலி உபதேசம் செய்யும்: ஒரு மீற்றர் இடைவெளி பேணுங்கள், காய்ச்சல்காரரைத் தனியறையில் வையுங்கள். இருப்பதே பத்தடிக்குப் பன்னிரண்டடி. உள்ளே மாமியார், புருஷன், மூன்று பிள்ளைகள்; இஸ்தோப்பில் சாக்கு விரித்து மாமனார். கொழும்புக் கடை மூடியதால் கடைசி மாதச் சம்பளமும் இல்லாமல் வந்து சேர்ந்த கொழுந்தனுக்கு அடுப்படி. இதில் தனியறை எது? கோழிக்கூடுதான். கைகளை அடிக்கடி கழுவவும் சொன்னார்கள். பீலியில் வரிசையில் நின்று ஒரு குடம் பிடித்தால் அது சோற்றுக்கா, கைக்கா? 2020 நவம்பரில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி கிருமியை விரட்ட மந்திரித்த நீரைக் குடத்தோடு ஆற்றில் எறிந்தார். பிறகு கேகாலை நாட்டு வைத்தியர் ஒருவரின் கொரோனாப் பாணியையும் குடித்துக் காட்டினார். அடுத்த ஜனவரியில் அவருக்கே தொற்று. நன்றிகெட்ட கிருமி.

ஊரடங்குக்கு அரசு கொடுத்த ஐயாயிரம் ரூபாய் கொடுப்பனவைக் கேட்டால், "உங்களுக்குத்தான் தோட்டத்தில் வேலை இருக்கே" என்ற பதில். வேலைக்குப் போகும்போது அத்தியாவசிய சேவை. பசிக்கும்போது மாதச் சம்பளக்காரர்!

கீழே தம்புள்ளையில் விவசாயியின் மரக்கறி வாங்க ஆளின்றி அழுகியது. கொழும்பில் அதே மரக்கறிக்கு ஆலாய்ப் பறந்தார்கள். மஞ்சள் இறக்குமதியையும் தடுத்தார்கள். கட்டுப்பாட்டு விலை கிலோ 750 ரூபாய் என்பது காகிதத்தில், கடையில் ஆயிரக்கணக்கில். கிருமி ஓட மஞ்சள் தெளி என்று ஊரே ஓதிய நேரத்தில், வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன மாத்தளையில் ரசம் வெளுத்துக் கிடந்தது.

கடைசியில் ஆயிரம் வந்தது. உடனே கம்பனிகள் நீதிமன்றம் போயின. தோட்டங்களில் நாளுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்துக் கிலோவைக் கூட்டினார்கள், எட்டாதவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். வேலை நாளும் குறைந்தது. இரண்டே மாதம்தான், மே 6ஆம் திகதி இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. உரமில்லாத செடி எங்கே துளிர்க்கும்? கொழுந்து குறையக் குறைய அவளுக்கு அரைப்பேர் மேல் அரைப்பேர். உரத்தை நிறுத்தியவருக்கு அரைப்பேர் போட எந்தத் துரைக்கும் கை வரவில்லை.