பிளாஸ்டிக் துரியோதனன்

மரக்காணம் கடற்கரையில ஒதுங்குற பிளாஸ்டிக்கப் பொறுக்கி, ஊரே சேந்து இருபதடி ஆமை சிலை செய்யப் போறீங்களாமே தம்பி? ரொம்ப சந்தோஷம். உயிரோட இருந்தப்ப வயித்துல கேரி பேக்கத் திணிச்சோம். செத்தப்புறம் அதே கேரி பேக்குல சிலை வைக்கிறோம். நம்ம ஊருல பெரிய மனுஷங்களுக்கும் இதே மரியாததான்.

வேணாம்னு நான் சொல்லல. அமெரிக்காவுல ஓரிகன் கரையில பேண்டன்னு ஒரு ஊராம். ஏஞ்சலா ஹேசல்டைன் போஸின்னு ஒரு அம்மா 2010-ல ‘வாஷ்டு அஷோர்’னு ஆரம்பிச்சு, ஊரு ஜனத்த வச்சே கரைக் குப்பையில ஆளுயர மீனும் பறவையுமா நிறுத்திப்புட்டாங்க. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கால எரூப் தீவுக்காரங்க, அறுந்து மெதந்து வர்ற வலையப் பிரிச்சுப் பின்னி ஆமை செய்யறாங்க. எம் பேத்தி செல்லுல காட்டுனா. நீ சிலையப் பாத்து வாயப் பொளந்திருப்ப. நான் கேட்டது வேற: இத்தன குப்பையையும் கழுவுனது யாரு? உப்பும் மணலும் போவத் தேய்ச்சு, காயவச்சு, நெறம் நெறமாப் பிரிக்கணும். உங்க குரூப்புல செல்ஃபி எடுக்க இருவது பேரு தேறும். தொட்டியில போட்டுத் தேய்க்க எத்தன பேருன்னு மொதல்ல எண்ணு.

கரைக்குப் போனா இன்னொண்ணும் பாரு. பாட்டில விட மூடிதான் அதிகமாக் கெடக்கும். தண்ணி பாட்டில் செய்யற பிளாஸ்டிக் தண்ணியவிட கனம். மூடி கழண்டு உள்ள தண்ணி பூந்துட்டா அடியில போயிடும். மூடி லேசு, மெதந்தே வந்து சேரும். நைலான் வலையும் முழுகுற ஜாதிதான். ஆக, நீ பொறுக்கறது கடலு திருப்பிக் கொடுத்த சில்லறை. நோட்டெல்லாம் அடியில கெடக்குது.

இதெல்லாம் மீன்காரன் போட்டதுன்னு டீக்கடையில ஒரு கூட்டம் சொல்லும். வலை, கயிறு, தெர்மகோல் பெட்டின்னு அவங்க பங்கும் உண்டு, இல்லங்கல. ஆனா பிரியாணி டப்பாவ வச்சா அவன் மீன் புடிச்சான்? திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிங்க நெறஞ்சா தண்ணி கழுவெளி சதுப்புக்குப் போவுது, அங்கேருந்து கடலுக்கு. 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புயல் கரையேறுனப்ப, மயிலத்துல மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. அவ்ளோ தண்ணி வாய்க்கால்ல கெடந்த கப்பயும் கவரயும் விட்டுட்டா போயிருக்கும்? வாய்க்கால்ல கொட்டுனவனுக்கு ஊரு சுத்தமாயிடுச்சுன்னு ஒரே குஷி.

கவர்மெண்டும் சும்மா இல்ல. 2019 ஜனவரி 1-லருந்து 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பர்ல ‘மீண்டும் மஞ்சப்பை’யும் வந்துச்சு. மஞ்சப்பைய எடுத்துக்கிட்டுத்தான் நம்மாளு மார்க்கெட்டுக்குப் போறான். திரும்பி வரும்போது அதுக்குள்ள ஏழு கேரி பேக்கு இருக்கும்.

இப்ப சிலைக்கு வருவோம். கடற்கரையில ஆமை வைக்காத. தை, மாசியில பங்குனி ஆமைங்க அந்தக் கரைக்குத்தான் முட்டையிட ஏறும். உன் சிலைக்கு ஃபோகஸ் லைட் போட்டா, பொரிஞ்ச குஞ்சு கடலுக்குப் போவாம வெளிச்சத்தப் பாத்துப் போயி சாவும். வெயில்ல காஞ்ச பிளாஸ்டிக் வேற பொடிப்பொடியா உதுந்து திரும்பவும் கடலுக்கே போவும். போட்டோவுல மட்டும் ஆமை சிரிச்சுக்கிட்டு இருக்கும்.

எங்கிட்ட ஒரு ரோசனை இருக்குது. நம்ம பக்கத்து திரௌபதியம்மன் திருவிழாவுல படுகளம் பாத்திருக்க இல்ல? ஊரே கூடி மண்ணக் கொழச்சு, தரையில மல்லாக்கப் படுத்த துரியோதனன் செய்வோமே, அந்த மாதிரி ஒருத்தன செய். மூடியில கிரீடம், செருப்புல மீசை. பீமன் அடிக்கிற தொடையில மட்டும் பார்சல் சாம்பார் கவரா ரொப்பு. அவன மரக்காணத்துல படுக்க வைக்காத. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுகிட்ட, இல்லன்னா முகூர்த்த நாள்ல விழுப்புரத்துல ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல படுக்க வை. தாம்பூலப் பையோட வெளிய வர்ற மொத ஆளே, “அய்ய, இது நம்ம வூட்டு விசேஷத்துல குடுத்த டப்பாவாச்சே”ன்னு கண்டுபுடிப்பான். அதுக்கு மேல நீ மைக்குல ஒண்ணும் பேச வேணாம்.

ஒரே சிக்கல். மண்ணு துரியோதனன் மண்ணாப் போயிடுவான். படுகளத்து மண்ண அள்ளிப் போயி நெல்லுக் குதிருல போடுறவங்களும் உண்டு. உன் ஆள எந்தக் குதிருல போடறது? அதனால சிலைக்கு முன்னாடியே காரியத்துக்கு ஏற்பாடு பண்ணிடு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் வாத்தியாரு, 2018-ல பத்மஸ்ரீ வாங்குனவரு, நறுக்குன பிளாஸ்டிக்க சூட்டு ஜல்லியில உருக்கிப் பூசி, அதுமேல தாரு கலந்து ரோடு போடற வழியக் காட்டிட்டாரு. கவரு, தெர்மகோலெல்லாம் அதுக்கு ஆவும். பி.வி.சி. கூடாது. நைலான் வலையத் தனியா எடுத்து, பழைய வலை வாங்குறவங்களுக்குக் குடுத்துடு.

எப்ப ஆரம்பிக்கறீங்கன்னு சொல்லி வுடு, நானும் ரெண்டு சாக்கோட வர்றேன். கனமான கையுறை போட்டுக்கிட்டு வாங்க, மணலுக்குள்ள ஊசியும் கண்ணாடியும் கெடக்கும். வர்றவங்களுக்கு டிஃபன் வாங்கறேன்னு பிளாஸ்டிக் டப்பாவுல பொட்டலம் கட்டிக்கிட்டு வராத. வாழை எல நான் அறுத்துக்கிட்டு வர்றேன்.